கடைமடையிலிருந்து ஒரு நோக்கு

ஆறுகளின் வரலாறு நெடுங்காலமாக அரசர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அணை கட்டுவித்தவன் பெயர் கல்வெட்டில் உண்டு. மண் சுமந்தவன் பெயர் இல்லை. வாய்க்கால் வெட்டுவித்தவனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. அவ்வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் போய்ச் சேர்ந்ததா என்ற செய்தி இல்லை. இன்று அரசர் மறைந்தனர். அவர் இருந்த இடத்தில் ஆணைக்குழுக்களும் அதிகாரசபைகளும் அமைச்சர் மாநாடுகளும் அமர்ந்துள்ளன. ஆயினும் வரலாறு எழுதும் முறை பெரிதும் மாறிவிடவில்லை. எந்த நாடுகள் எந்த ஆண்டில் எந்த உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன என்பதை நமது மாணவர் மனனஞ் செய்கின்றனர். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெறுகின்றனர். அவ்வுடன்படிக்கையால் ஆறு பிழைத்ததா, ஆற்றை நம்பியிருந்தோர் பிழைத்தனரா என்று நாம் கேட்பதுமில்லை, அவர் எழுதுவதுமில்லை.

பல நாடுகளையோ பல மாநிலங்களையோ ஊடறுத்துப் பாயும் பேராற்றின் வடிநிலத்தை அதன் கரையிலுள்ளோர் யாவரும் கூடியே பேணுதல் வேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத கொள்கை. கூடுதல் என்பது இனிய சொல். அவ்வினிமையில் மயங்காது சில வினாக்களை எழுப்புதல் நம் கடமையாகும். கூடுபவர் யார்? அவ்வவையில் ‘வேண்டாம்’ என்று கூற வல்லவர் யார்? கூறினால் அச்சொல்லுக்கு மதிப்பு உண்டா? செலவைச் சுமப்பவர் யார்? வாய்க்காலின் தலைமடையில் நின்று நீர்ப் பங்கீட்டின் நியாயத்தை அறிய முடியாது. கடைமடைக்குச் சென்றே அறிதல் வேண்டும் என்பதை வயலில் இறங்கிய எவரும் அறிவர். அந்த எளிய அளவுகோலைக் கையிற் கொண்டு நான்கு பெருநதிகளின் ஆட்சிமுறைகளை ஈண்டு ஒப்பு நோக்குவோம்.

முதலில் அமெரிக்காவின் தெனசி ஆறு. ஒரு வடிநிலம் முழுவதையும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் ஒப்படைக்கும் முறைக்கு உலகறிந்த முன்மாதிரி அதுவே. பொருளாதார மந்தத்தால் நாடு நிலைகுலைந்திருந்த 1933ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜனாதிபதி ரூஸ்வெல்ற் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை நிறுவும் சட்டத்திற் கைச்சாத்திட்டார். ஏழு மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் நிலப்பரப்பு அது. வெள்ளத்தைத் தடுத்தல், மின்னாக்கம், கப்பற் போக்குவரத்து, மண்ணரிப்பைத் தடுத்தல் ஆகிய யாவும் ஒரே சபையின் கைக்கு வந்தன. தனியார் மின் கம்பனிகள் எட்டிப் பாராத கிராமங்களுக்கு மின்விளக்கு வந்தது. இது சிறிய சாதனையன்று. அச்சபையின் தலைவர்களுள் ஒருவரான டேவிட் லிலியென்தால் 1944இல் எழுதிய நூலொன்றில், இது மக்களின் பங்களிப்போடு முன்னேறும் ஜனநாயகம் என்று உலகுக்கு எடுத்துரைத்தார்.

ஐந்தாண்டுகளின் பின்னர், 1949இல், சமூகவியலாளர் பிலிப் செல்ஸ்னிக் அக்கூற்றை ஆராய்ந்து நூலொன்றை வெளியிட்டார். மக்கள் பங்களிப்பு என்ற பெயரால் அச்சபை யாரோடு கைகோத்தது என்பதே அவர் ஆராய்ந்த பொருள். விவசாயக் கல்லூரிகளின் விரிவாக்க அலுவலரும் வசதி படைத்த விவசாயிகளின் சங்கங்களுமே உண்மையிற் பங்காளிகளாயினர் என்று அவர் காட்டினார். எதிர்க்கக்கூடிய செல்வாக்குடையோரை உள்ளே சேர்த்துக்கொண்டு, அதற்கு விலையாகக் கொள்கையை அவர்க்கேற்ப வளைத்தது அச்சபை. செல்வாக்கு இல்லாதவரைச் சேர்த்துக்கொள்ள அதற்குத் தேவை ஏற்படவில்லை. நீர்த்தேக்கங்களுக்காகப் 15,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நிலத்துக்கு உரியவர் விலை பெற்றனர். பிறர் நிலத்தில் உழுத குத்தகையாளர்க்கு விற்பதற்கு நிலம் இருக்கவில்லை. முதல் அணையின் பக்கத்தில் முன்மாதிரியாக எழுந்த நொறிஸ் என்னும் ஊரிற் கறுப்பின மக்கள் குடியிருக்க இடமளிக்கப்படவில்லை.

இங்கே நாம் ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைமடை என்பது ஆற்றின் ஓட்டத்தில் மட்டும் அமைவதில்லை. சமுதாயத்திலும் ஒரு கடைமடை உண்டு. ஆற்றின் தலைப்பிலேயே வாழ்ந்தாலும் நிலமற்றவன் கடைமடைக்காரனே.

இம்மாதிரி விரைவிற் கடல் கடந்தது. இந்தியாவின் தாமோதர் பள்ளத்தாக்குக் கூட்டுத்தாபனம் 1948இல் இதன் சாயலிலேயே பிறந்தது. பட்டிப்பளை ஆற்றை மறித்த கல்லோயாத் திட்டத்துக்கென இலங்கையில் 1949இல் அமைக்கப்பட்ட அபிவிருத்திச் சபைக்கும் தெனசியே முன்மாதிரி. கல்லோயாவுக்கு இறுதியில் மீண்டும் வருவோம்.

இனி, இறைமையுள்ள பல நாடுகள் கூடி ஆளும் முறையை நோக்குவோம். ஐரோப்பாவின் றைன் நதி சுவிற்சர்லாந்தின் அல்ப்ஸ் மலைகளிற் பிறந்து, ஏறக்குறைய 1,230 கிலோமீற்றர் ஓடி, நெதர்லாந்திற் கடலோடு கலக்கின்றது. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் 1815இற் கூடிய வியன்னா மாநாட்டின் முடிவின்படி அந்நதிக்கு ஒரு மத்திய ஆணைக்குழு அமைந்தது. இன்றுவரை இயங்கும் சர்வதேச நிறுவனங்களுள் மிகப் பழையது அதுவே என்பர். அதன் நோக்கம் கப்பற் போக்குவரத்து. வளர்ந்துவந்த வணிக வர்க்கத்துக்குச் சுங்கத் தடையற்ற நீர்வழி வேண்டியிருந்தது, நாடுகள் ஒத்துழைத்தன. மீனுக்கும் குடிநீருக்கும் அத்தகைய வர்க்கபலம் இருக்கவில்லை. சமன் என்ற மீனைக் காக்க 1885இல் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அம்மீன் அந்நதியிலிருந்து மறைந்தது. தொழிற்சாலைக் கழிவுகள் பெருகி, றைன் ஐரோப்பாவின் சாக்கடை என்று பெயரெடுத்தது.

1950இல் சுவிற்சர்லாந்து, பிரான்சு, ஜேர்மனி, லக்சம்பேர்க், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் நதியை மாசிலிருந்து காக்கும் ஆணைக்குழுவொன்றை அமைத்தன. 1963இல் அதற்குச் சட்ட வடிவம் கிடைத்தது. ஆயினும் நீண்ட காலம் அது அளந்து அறிக்கை எழுதியதேயன்றி, அழுக்கைத் தடுத்ததில்லை. பிரான்சின் அல்சேஸ் பகுதியிலிருந்த பொற்றாசியச் சுரங்கங்கள் கழிவுப்புடன் கலந்த நீரை நதியில் விட்டுக்கொண்டிருந்தன. கீழே, நெதர்லாந்தின் தோட்ட விவசாயிகளின் பயிர்கள் உப்புநீரால் வாடின. அவ்விவசாயிகள் நீதிமன்றஞ் சென்றனர். தீங்கு விளைந்த இடத்திலேயே வழக்குத் தொடர அவர்க்கு உரிமை உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே உப்பைக் குறைக்க நாடுகள் உடன்பட்டன. செலவுப் பங்கீட்டைக் கவனியுங்கள்: பிரான்சு 30 வீதம், ஜேர்மனி 30 வீதம், சுவிற்சர்லாந்து 6 வீதம், நெதர்லாந்து 34 வீதம். உப்பை விட்டவரிலும் உப்பைக் குடித்தவர் கூடுதலாகக் கொடுத்தனர். அப்படியிருந்தும் பிரான்சில் எழுந்த எதிர்ப்பினால் அவ்வுடன்படிக்கை 1985 வரை நடைமுறைக்கு வரவில்லை.

1986 நவம்பர் முதலாம் நாள், பாசல் நகருக்கு அருகே சண்டோஸ் கம்பனியின் இரசாயனக் களஞ்சியம் தீப்பற்றியது. தீயணைத்த நீரோடு தொன் கணக்கிற் பூச்சிகொல்லிகள் நதியிற் கலந்தன. நதி செந்நிறமாயிற்று, விலாங்கு மீன்கள் பெருந்தொகையாக மடிந்து மிதந்தன. மக்கள் வீதியில் இறங்கினர். பல ஆண்டுகளாக மேசையிற் கிடந்த கோப்புகள் சில மாதங்களில் அசைந்தன. 1987இல் அமைச்சர்கள் ஒரு செயற்றிட்டத்தை ஏற்றனர்: 1995க்குள் முக்கிய நச்சுப் பொருள்களைப் பாதியாகக் குறைத்தல், 2000ஆம் ஆண்டளவிற் சமன் மீனை நதிக்கு மீட்டல். வியப்புக்குரியது யாதெனில், இத்திட்டம் சட்டத்தாற் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையன்று. ஆயினும் குறித்த பொருள்களுட் பெரும்பாலானவை குறித்த காலத்துள் பாதிக்கு மேற் குறைந்தன. சமன் மீனும் திரும்பியது. பாசல் வரை அது தடையின்றி ஏறிச் செல்லுதல் வேண்டும் என்று 2020ஐக் குறித்து வகுத்த இலக்கு மட்டும், இடையிலுள்ள அணைகளால் எட்டப்படவில்லை.

றைன் நதியின் வெற்றிக்கு ஒத்துழைப்பு மனப்பான்மையே காரணம் என்று பாடநூல்கள் கூறும். அம்மனப்பான்மை 1950 முதல் இருந்தது. நதியும் அன்று முதல் அழுக்காகவே இருந்தது. மாற்றியவை வேறு. கடைமடையில் இருந்தது நெதர்லாந்து. செல்வமும் பெருந்துறைமுகமும் தேர்ந்த பொறியியலாளரும் உடைய நாடு. தலைமடைக்காரனை நீதிமன்றத்துக்கு இழுக்க அதன் விவசாயிக்கு வழி இருந்தது. அமைச்சரை வீதியில் நின்று கேள்வி கேட்க மக்களுக்கு உரிமை இருந்தது. ஒப்பளவான வலிமை உடையோர் கூடியமையாற் கூட்டம் பயன் தந்தது.

வலிமை ஒப்பளவாக இல்லாத இடத்தில் நிகழ்வது யாது? மேக்கொங் நதி அதற்கு விடை கூறும்.

சீனாவின் உயர்நிலத்திற் பிறந்து, மியன்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா வழியாக வியட்நாமை அடையும் அந்நதியின் கீழ் வடிநிலத்தில் மட்டும் 60 மில்லியனுக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். மழைக்காலத்தில் நதி பெருகும்போது தொன்லேசாப் ஆறு தன் ஓட்டத்தைத் திருப்பி, நீரைக் கம்போடியாவின் பேரேரிக்குள் ஏற்றும். கோடையில் மீண்டும் வெளியே விடும். அவ்வேற்ற இறக்கத்திலேயே மீன் பெருகுகிறது. அம்மீனே ஏழைகளின் முதன்மையான புரத உணவு.

1957இல், ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவோடு, கம்போடியாவும் லாவோசும் தாய்லாந்தும் அன்றைய தென் வியட்நாமும் மேக்கொங் குழுவை அமைத்தன. 1965 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன் தென்கிழக்காசிய அபிவிருத்திக்கு ஆயிரம் மில்லியன் டொலர் தருவதாகப் பேசியபோது, தெனசியையும் விஞ்சும் திட்டம் மேக்கொங்கில் எழலாம் என்றார். அதற்கு முந்திய மாதமே வட வியட்நாமின்மீது அமெரிக்க விமானங்களின் தொடர்க் குண்டுவீச்சு தொடங்கிவிட்டது. ஒரு கையில் அணை, மறு கையிற் குண்டு. நதிகளின் அபிவிருத்தி அரசியலுக்கு அப்பாற்பட்ட தொழில்நுட்ப விடயம் என்போர் இவ்விரு மாதங்களையும் சேர்த்துப் படித்தல் நன்று.

எனினும் அக்குழு 1975இல் ஓர் உயர்ந்த கொள்கையை ஏற்றிருந்தது. மூல நதியின் நீரை ஒரு நாடு பெருமளவில் தனக்கெனத் திருப்புவதாயின் ஏனைய நாடுகளின் முன் அனுமதி வேண்டும் என்பதே அது. யுத்தங்கள் ஓய்ந்து, 1995 ஏப்ரலிற் புதிய உடன்படிக்கை எழுதப்பட்டு, மேக்கொங் ஆணைக்குழு பிறந்தபோது அவ்வனுமதி மறைந்தது. ‘முன் கலந்தாலோசனை’ என்பது அதன் இடத்துக்கு வந்தது. ஆலோசிக்கப்படும் நாட்டுக்குத் தடுக்கும் உரிமை இல்லை. தலைமடையிலுள்ள சீனாவோ ஆணைக்குழுவின் உறுப்பு நாடே அன்று. உரையாடற் பங்காளி மட்டுமே. அது தன் எல்லைக்குள் அடுக்கடுக்காக அணைகளைக் கட்டியது.

சொல் மாறியதன் விளைவு சில ஆண்டுகளில் வெளியாயிற்று. லாவோஸ், சயாபுரி என்னுமிடத்தில் மூல நதிக்குக் குறுக்கே அணை கட்டும் திட்டத்தை 2010இல் ஆணைக்குழுவின் முன் வைத்தது. மூல நதி அணைகளைப் பத்து ஆண்டுகள் ஒத்திவைத்தல் நன்று என, ஆணைக்குழுவுக்கென அவ்வாண்டே தயாரிக்கப்பட்ட ஆய்வு பரிந்துரைத்தது. 2011இற் கூடிய நாடுகளிடையே உடன்பாடு ஏற்படவில்லை. 2012இற் கட்டுமானத் தொடக்க விழா நிகழ்ந்தது. 2019இல் அணை இயங்கத் தொடங்கியது. கட்டியது தாய்லாந்தின் கம்பனி. கடன் கொடுத்தவை தாய்லாந்தின் வங்கிகள். மின்சாரத்திற் பெரும்பகுதியை வாங்குவது தாய்லாந்தின் அரச மின் நிறுவனம். அதே தாய்லாந்தின் ஆற்றங்கரைக் கிராமத்தவர் தம் நாட்டு நீதிமன்றத்தில் 2012இல் வழக்குத் தொடுத்தனர். பத்தாண்டுகளின் பின் 2022இல் அவ்வழக்கு இறுதியாகத் தள்ளுபடியாயிற்று. ஆகவே, இங்கே பிளவு நாடுகளுக்கிடையில் மட்டும் இருக்கவில்லை. ஒரே நாட்டின் முதலீட்டாளனுக்கும் மீனவனுக்கும் இடையில் இருந்தது. ஆணைக்குழுவின் மேசையில் முன்னவனின் நலன் தேசிய நலன் என்ற பெயரோடு அமர்ந்தது; பின்னவன் கருத்தறியும் கூட்டத்திற் பேசிவிட்டு வீடு திரும்பினான்.

மேக்கொங் ஆணைக்குழுவைப் பயனற்றதென்று நாம் தள்ளிவிடவில்லை. நீர்மட்டத்தை அளந்து, வெள்ளத்தை முன்னறிவித்து, ஆய்வுகளை வெளியிட்டு அது பணி செய்கிறது. 2020இல், ஆண்டு முழுவதும் நீர்த் தரவுகளைத் தருவதற்குச் சீனாவும் அதனோடு உடன்பட்டது. ஆனால் வெள்ளம் வருமென்று அறிதல் வேறு. வெள்ளத்தை அனுப்புபவனைத் தடுக்க வல்லவனாதல் வேறு.

அங்ஙனமாயின், ஒரே சட்டமும் ஒரே பாராளுமன்றமும் உள்ள நாட்டிலே சிக்கல் தீர்ந்துவிடுமா? அவுஸ்திரேலியாவின் மறே–டார்லிங் வடிநிலம் அதனை ஐயுறச் செய்கின்றது. அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏழிலொரு பங்கான அவ்வடிநிலம், ஒரு மில்லியன் சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. மூன்று மாநிலங்களும் மத்திய அரசும் மறே நதி நீரைப் பங்கிட 1915இல் உடன்படிக்கை செய்தன. நியூ சவுத் வேல்சும் விக்ரோறியாவும் நீரைப் பகிர்ந்துகொள்ள, கடைமடையிலுள்ள தென் அவுஸ்திரேலியாவுக்குக் குறைந்தபட்ச அளவொன்று உறுதிசெய்யப்பட்டது. பங்கிடுவோர் நினைவில் நதிக்கென ஒரு பங்கு இருக்கவில்லை. பாசனம் பெருகப் பெருக, 1981இல் மறேயின் முகத்துவாரம் மணலால் அடைபட்டது. 1991இல் டார்லிங் நதியில் ஆயிரம் கிலோமீற்றர் நீளத்துக்கு நச்சுப் பாசி படர்ந்தது. 1995இல், இனிமேல் எடுக்கும் நீருக்கு ஓர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. நீண்ட வரட்சியின் நடுவில் 2007இல் மத்திய அரசு நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் எழுந்த அதிகாரசபை 2012இல் வடிநிலத் திட்டத்தைத் தந்தது. ஆண்டொன்றுக்கு 2,750 ஜிகாலீற்றர் நீரைப் பாசனத்திலிருந்து மீட்டு நதிக்கே திருப்புதல் அதன் நோக்கம்.

சட்டத்தின் கட்டுப்பாடும் விஞ்ஞானத்தின் துணையும் அரசின் பணமும் ஒருங்கே அமைந்த திட்டம் இது. எனினும் 2019இல், தென் அவுஸ்திரேலியா நியமித்த விசாரணை ஆணைக்குழு, நதிக்கு விடவேண்டிய நீரின் அளவு விஞ்ஞானத்தால் அன்றி அரசியலால் தீர்மானிக்கப்பட்டது என்றும், அது சட்டத்துக்கே மாறானது என்றும் கண்டறிந்தது. அவ்வறிக்கை வெளிவந்த வேளையில், மெனின்டி ஏரிகளின் அருகே டார்லிங் நதியில் இலட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. இதனிடையே நீருரிமை நிலவுரிமையிலிருந்து பிரிக்கப்பட்டு, சந்தையில் வாங்கி விற்கும் சரக்காகிவிட்டிருந்தது. வாங்க வல்லவனிடம் நீர் சென்றது.

அவ்வடிநிலத்தின் ஆதிக்குடிகளுக்கு 1915ஆம் ஆண்டு மேசையில் இடம் இருக்கவில்லை. டார்லிங் என்று வெள்ளையர் பெயரிட்ட நதியைப் பார்க்கா என அழைத்து, அதன் பெயராலேயே தம்மையும் அழைக்கும் பார்க்கிஞ்சி மக்கள், நீதிமன்றத்திற் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்து 2015இல் தம் நிலத்தின்மீது பூர்வீக உரிமையை நிலைநாட்டினர். நிலத்துக்கு உரிமை வந்தது, நீர் வரவில்லை. அவ்வடிநிலத்தின் மேற்பரப்பு நீருரிமைகளில் ஆதிக்குடி அமைப்புகளின் பங்கு நூற்றில் ஒன்று கூட இல்லை. ஆலோசனைக் குழுக்களில் இன்று அவர்க்கு ஆசனம் உண்டு. நீரைப் பங்கிட்டு முடித்த பின்னர் போடப்பட்ட ஆசனம் அது.

நான்கையும் சேர்த்து நோக்குவோம். தெனசியில் ஒரே அதிகாரம்; றைனிற் சமவலிமையுள்ள நாடுகளின் இணக்கம்; மேக்கொங்கிற் சமமற்ற நாடுகளின் ஆலோசனை; மறே–டார்லிங்கிற் சட்டமும் சந்தையும் கலந்த கூட்டாட்சி. எந்த வடிவம் சிறந்தது என்று கேட்போர் விடை காணார். சட்டக் கட்டுப்பாடு இல்லாமலே றைன் தெளிந்தது. சட்டக் கட்டுப்பாடு இருந்தும் டார்லிங் கலங்கியது. வடிவத்துக்கு அடியிலுள்ள வலிமை உறவுகளே முடிவைத் தீர்மானித்தன. கடைமடைக்காரனின் மறுப்புக்கு எங்கே நீதிமன்றமோ வாக்கோ வீதியில் திரண்ட மக்களோ துணை நின்றனவோ, அங்கே ஒப்பந்தம் உயிர் பெற்றது. துணை இல்லாத இடத்திற் கலந்தாலோசனை என்பது, முடிவை முன்கூட்டி அறிவிக்கும் மரியாதையாகவே முடிந்தது.

இனிக் கல்லோயா. பெருநதிகளோடு வைத்து எண்ணத்தக்கதன்று அது. எனினும் தெனசியின் மாதிரி நம் மண்ணில் எவ்வாறு நடந்தது என்பதை அறிய உதவும். மேலிருந்து வந்த திட்டம் அணை கட்டியது, குடியேற்றியது. குடியேற்றம் இன முரண்பாட்டோடு பிணைந்து, 1956இல் அப்பள்ளத்தாக்கிலே இரத்தமும் சிந்தியது. நீரோ இடதுகரை வாய்க்கால்களின் கடைமடைக்கு ஒழுங்காகச் சென்றதில்லை. 1981இல் அங்கே வேறொரு முயற்சி தொடங்கியது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் வகுத்த திட்டத்தின்படி, பட்டம் பெற்றும் வேலையற்றிருந்த இளைஞர் பலர் விவசாயிகளோடு கிராமத்திலேயே தங்கினர். ஒவ்வொரு வயல் வாய்க்காலிலும் விவசாயிகள் கூடித் தம் பிரதிநிதியைத் தாமே தெரிந்தனர். வாய்க்காலைத் துப்புரவு செய்தனர். முறை வைத்து நீர் பாய்ச்சினர். நீர்த்தேக்கத்தில் நீர் குறைந்திருந்த அவ்வாண்டிலேயே தலைமடையிலிருந்தோர் தம் மதகை அடைத்துக் கீழே நீர் விட்டனர். தலைமடையிற் பெரும்பாலோர் சிங்கள விவசாயிகள். கடைமடையிற் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். நாட்டின் தலைவர்கள் பேசித் தீர்க்க இயலாதிருந்த காலத்தில், ஒரு மதகின் பலகையை இறக்குவதில் அவர் உடன்பாடு கண்டனர். இதனாற் பெரும் பிரச்சினைகள் தீர்ந்துவிட்டன என்று நாம் கூறவில்லை. மேலே உள்ளவன் கீழே உள்ளவனை நேரிற் காணும்படியும், அவனுக்கு விடை கூறும்படியும் அமைந்த சபை, பெரிய சபைகள் செய்யாததைச் செய்தது என்று மட்டுமே கூறுகிறோம்.

ஆசிரியராகிய நாம் அடுத்த முறை கரும்பலகையில் நதி உடன்படிக்கைகளின் ஆண்டுகளை நிரலாக எழுதும்போது, அதன் பக்கத்தில் இன்னொரு நிரலையும் வரைவோம். அந்த ஆற்றின் கடைமடையில் இருந்தவர் யார்? அவையில் அவர்க்கு இடம் இருந்ததா? நீர் அவரிடம் போய்ச் சேர்ந்ததா? மாணவர் அந்நிரலை நிரப்பட்டும்.